நான் பூனையாக உட்கார்ந்த பாடவேளை

அந்தப் பெண் எங்கள் பள்ளிக்கு ஆசிரியையாக மாறி வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. ஏன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், சின்னப் பெண், அனுபவம் போதாது என்று ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். உண்மைக் காரணம் வேறு. அவள் வகுப்பறையில் பாயை விரித்து ஒரு புத்தகத்தைத் திறந்தாள். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் போய் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு வகுப்பை உட்கார வைக்க நான் மேசையை எப்படித் தட்டவேண்டியிருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும்.

எங்கள் தமிழ்ப்பள்ளி மலேசியாவில், ஈப்போ நகரத்துக்குத் தெற்கே, கோப்பெங் பக்கம். பெயரில் மட்டும் இன்னும் ரப்பர் தோட்டம் இருக்கிறது. மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, செம்பனையிலும் பாதி போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன. என் அப்பாவும் அம்மாவும் அந்தத் தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டியவர்கள். நான் படித்த பள்ளியிலேயே நான் ஆசிரியை. அதனால் இந்தப் பள்ளி என்னுடையது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இருக்கட்டுமே, அதில் என்ன தப்பு? அவளோ ஈப்போக்காரி. யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம், வீட்டில் ஓர் அறை முழுக்கப் புத்தகம். தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்புப் படித்துவிட்டு வந்தவள். குரலை உயர்த்தவே மாட்டாள். குரலை உயர்த்தத் தேவை வராத வீட்டில் பிறந்திருந்தால் நானும்தான் உயர்த்தியிருக்க மாட்டேன்.

பள்ளியில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கதை சொல்லும் போட்டி. அலுவலகத்துக் கண்ணாடி அலமாரியில் நிற்கும் கிண்ணங்களில் பெரும்பாலானவை நான் தயார் செய்த பிள்ளைகள் வாங்கி வந்தவை. கதையை நானே எழுதுவேன். "மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, நீதி தவறா நடுவர்களே, மணிக்காப்பாளர் அவர்களே" என்று கும்பிட்டுத் தொடங்கவேண்டும். சிங்கம் என்றால் விரலை நகமாக விரிக்கவேண்டும். அழுகை என்றால் கண்ணோரம் துடைக்கவேண்டும். மணிக்காப்பாளர் மணியை அடிப்பதற்குள், "ஆகவே மாணவர்களே, இக்கதையின்வழி நாம் அறிந்துகொள்வது" என்று நன்னெறியைச் சொல்லி முடிக்கவேண்டும். அந்தக் கடைசி வரியில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நன்னெறிக் கல்விப் பாடமும் நான்தான் எடுக்கிறேன். பொறுமை, நன்றி, மரியாதை என்று ஒவ்வொரு பண்பையும் வண்ண அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அவள் கதைகளில் நன்னெறியே கிடையாது. பாதியில் நிறுத்திவிடுவாள். நிறுத்திவிட்டு, "இதில இப்ப ஆருக்கு நோகுது?" என்று கேட்பாள். அவ்வளவுதான். பிள்ளைகள் முட்டிமோதிக்கொண்டு பதில் சொல்வார்கள். ஒருவன் முயலுக்கு என்பான், ஒருத்தி இல்லை, முயலை அடித்தவனுக்குத்தான் என்பாள். இவள் சரி என்றும் சொல்லமாட்டாள், தப்பு என்றும் சொல்லமாட்டாள். இதற்கு ஒரு பாடவேளையா என்று ஆசிரியர் அறையில் நான் வாய்விட்டே கேட்டேன். யாரும் என் பக்கம் பேசவில்லை.

அப்புறம் அந்த நாற்காலி. கேண்டீனில் கிடந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கழுவி எடுத்து வந்து வகுப்பில் போட்டிருந்தாள். அதில் யார் உட்கார்ந்தாலும் கதையில் வருகிற ஒருவராக ஆகிவிடவேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். திட்டக்கூடாது, கேட்க மட்டுந்தான் செய்யலாம். நாற்காலியில் இருப்பவர் பொய் சொல்லக்கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் ஒரு பிள்ளை மணியடிக்கும். அந்தப் பிள்ளைக்குப் பேர் மணிக்காப்பாளராம். என்னுடைய போட்டியிலிருந்து பேரையும் எடுத்துக்கொண்டாள், என் அலமாரியிலிருந்து மணியையும் எடுத்துக்கொண்டாள். "அக்கா, கொஞ்ச நாளைக்கு எடுக்கட்டுமா?" என்று கேட்டுத்தான் எடுத்தாள் என்பது வேறு விஷயம்.

பதிலுக்கு நான் அவள் வாசிப்பு மூலையில் இருந்த மின்சாரக் காற்றாடியை மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன், போட்டிப் பயிற்சிக்கு வேண்டும் என்று. மத்தியான வெக்கையில் பாயில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் கதை கேட்பார்கள், பார்க்கலாம் என்றிருந்தேன். அவர்கள் பாயை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். மூன்றாம் ஆண்டில் ஒன்பது வயதுப் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஓய்வு நேரம் வந்தால் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். அவர்களுக்குப் பொறுமையைப் பற்றி நான் சொல்லாத கதை இல்லை, எழுத வைக்காத வாக்கியம் இல்லை. ஒருநாள் கேண்டீன் வரிசையில் ஒருவன் மற்றவனை இடித்துவிட்டான். இடிபட்டவன் கையை ஓங்கினான், அப்புறம் கையை இறக்கிக்கொண்டு, "டேய், நான் இப்ப அந்தப் பூன மாதிரி இருக்கேன். கிட்ட வராதலா" என்றான். மற்றவன், "சரி, சரி" என்று இரண்டடி தள்ளிப் போய் நின்றான். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது.

எந்தப் பூனை என்று விசாரித்தேன். அவளே எழுதி, அவளே படம் வரைந்து, சுருள் கம்பி போட்டுக் கட்டிய புத்தகமாம். படமும் வரைவாள், பாருங்கள். ஈப்போவில் ஒரு கோப்பிக் கடை. அங்கே ஒரு கிழட்டுப் பூனை. கடை முதலாளி தவுக்கேயின் மகள் பள்ளி விட்டு வந்ததும் அதைத்தான் மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒருநாள் கடைக்கு ஒரு குட்டிப் பூனை வந்து சேர்கிறது. எல்லாரும் குட்டியைக் கொஞ்சுகிறார்கள், மகளும் அதைத் தூக்குகிறாள். கிழட்டுப் பூனை யாரும் பார்க்காதபோது மேசை மேலிருந்த கண்ணாடிக் கிளாசைத் தள்ளி உடைக்கிறது. பழி குட்டியின் மேல் விழுகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்திருந்தாள். முடிவை அப்புறம்தான் படிப்பாளாம்.

என் மகள் அந்த மூன்றாம் ஆண்டு வகுப்பில்தான் இருந்தாள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்ந்தது சரி, யார் மடியில் வளர்ந்தது என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் என்னை அம்மா என்று கூப்பிடக்கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிடவேண்டும் என்று முதலாம் ஆண்டில் சேர்த்தபோதே சொல்லி வைத்திருந்தேன். பாரபட்சம் என்று ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாதல்லவா? அவளும் ஒருமுறைகூட மறந்ததில்லை. வீட்டுக்கு வந்தும் சில சமயம் டீச்சர் என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். இப்போது புதிதாக அந்தப் பெண்ணின் யாழ்ப்பாணப் பேச்சும் சேர்ந்துகொண்டது. முழங்காலில் அடிபட்டு வந்தவள், "அம்மா, இங்க நோகுது" என்றாள். எங்கள் வீட்டில் பரம்பரையாக யாருக்கும் நொந்ததில்லை, வலித்துத்தான் இருக்கிறது. மருந்தை அழுத்தித் தேய்த்துவிட்டேன்.

அந்த வருட வட்டாரப் போட்டிக்கு அவளைத்தான் போட்டிருந்தேன். நல்ல குரல், நல்ல ஞாபகம். ஈப்போவில் போட்டி. பள்ளி முடிந்ததும் மண்டபத்தில் காற்றாடியைப் போட்டுவிட்டுப் பயிற்சி. "கண்ண எங்க பாக்குற? நடுவரப் பாரு. கை மேல வரணும். இதுவா அழுகை? மறுபடியும் முதல்லருந்து" என்று விரட்டுவேன். கையில் கோடு போடும் அடிக்கோல் இருக்கும். அடிப்பதற்கு இல்லை, தாளம் தட்டுவதற்கு. சில சமயம் தாளம் அவள் முழங்கையில் விழும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், இவளுக்குக் கொஞ்சம் கூடுதல். என் பிள்ளை தோற்றால் யார் பேர் கெடும்?

போட்டி நெருங்கிய சமயத்தில் ஒருநாள் அந்தப் பெண் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"அக்கா, கோவிக்கக்கூடாது. பிள்ளைக்குப் பயிற்சி இருக்கிற நாளெல்லாம் வயித்துக்க நோகுதாம். மேடைய நினைச்சாலே வருதாம். உங்ககிட்ட சொல்லப் பயமா இருக்காம்."

"ஒங்கிட்ட சொன்னாளா?"

"ஓம். நேத்து நாற்காலியில இருந்து இறங்கி வந்து காதில சொன்னா."

"எம்புள்ளைய எனக்குத் தெரியும்லா. நீ ஒன் பாடத்தப் பாரு."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்து போய்விட்டாள். உண்மையைச் சொல்கிறேன், என் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஏறியது ஒன்றுதான்: காதில் சொன்னாளாமே. பெற்றவள் பக்கத்து வகுப்பில் இருக்க, நேற்று வந்தவள் காதில். அன்றைக்குப் பயிற்சியில் இன்னும் அதிகமாக விரட்டினேன். அவள் வயிற்றைப் பிடிக்கிறாளா என்று பார்த்தேன். பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

இரண்டொரு நாளில் அந்தப் பெண் ஈப்போவில் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தாள். வராத ஆசிரியரின் வகுப்பை இன்னொருவர் பார்க்கவேண்டும், அதை நாங்கள் ரிலீப் என்போம். அவளுடைய கதைப் பாடவேளை ரிலீப் என் தலையில் விழுந்தது. பெரிய வாத்தியார் வேண்டுமென்றே போட்டாரோ என்னவோ, கேட்டதற்குச் சிரித்தார்.

உள்ளே போனதும் பாய் விரித்திருந்தது. நாற்காலி நடுவில் இருந்தது. புத்தகத்தை எடுத்தேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இன்னிக்குப் படிக்கிறது இல்ல. பூனகிட்ட கேள்வி கேக்குற நாள்" என்றான். பூனை யார் என்றேன். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூனையாக உட்கார யாருக்கும் விருப்பமில்லையாம். கிளாசை உடைத்தது அதுதானே. கெட்ட பூனையாம்.

"நீங்க ஒக்காருங்க டீச்சர்," என்றாள் மணியை வைத்திருந்த சிறுமி.

என் மகள் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். முடியாது என்றால், அந்தப் பெண்ணால் முடிந்தது என்னால் முடியவில்லை என்றாகிவிடும். போய் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி லேசாக வளைந்து கொடுத்தது.

"பூன, நீ ஏன் கிளாசத் தள்ளிவுட்ட?" என்று கேட்டான் அந்தச் சண்டைக்காரப் பையன். நீ என்று கூப்பிட்டான், என்னை. நாற்காலியின் விதி அது.

நான் போட்டிக் குரலை எடுத்தேன். "நான் செய்தது மாபெரும் தவறு. பொறாமை மனிதனை அழிக்கும். ஆகவே மாணவர்களே..."

டிங் என்றது மணி.

"டீச்சர், அது பூன பேசல. நீங்க பேசுறீங்க," என்றாள் மணிக்காரச் சிறுமி. மரியாதையாகத்தான் சொன்னாள். வகுப்பே தலையாட்டியது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே சொன்னேன். "தள்ளிவிட்டேன், ஏன்னா எனக்குப் பொறுக்கல. அது வாரதுக்கு முன்னாடி அந்தக் கடையில நான்தான். எலி புடிச்சது நானு. மழையில நனைஞ்சி கடையக் காத்தது நானு. அது நேத்து வந்திச்சி. வந்து சும்மா படுத்திருக்கு. எல்லாரும் அதச் சுத்தி ஒக்காந்துக்கிறாங்க."

வகுப்பு அமைதியாகிவிட்டது. எந்த மேசையையும் நான் தட்டவில்லை.

"குட்டி ஒன்ன என்ன செஞ்சிச்சி?"

"ஒண்ணும் செய்யல. அக்கான்னு மரியாதையாத்தான் கூப்புடுது. அதான் இன்னும் கோவம்."

"தவுக்கே ஒன்ன வெரட்டிட்டாரா?"

"இல்ல."

"சாப்பாடு கொறைச்சிட்டாங்களா?"

"அதே சாப்பாடு, அதே எடந்தான்."

"அப்ப என்னாதான் ஒனக்கு?"

என்னதான் எனக்கு? வாயில் வந்ததைச் சொன்னேன். "அந்தப் பொண்ணு என் மடி... அந்தப் பொண்ணு மடியில நான்தான் இருந்தேன். இப்ப குட்டி இருக்கு."

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. என் மகளின் கை. போட்டிக்கு நான் சொல்லிக்கொடுத்த மாதிரி விரைப்பாக இல்லை, காதுவரைக்கும் மட்டும். மணிக்காரச் சிறுமி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"பூன, அந்தப் பொண்ணு குட்டியத் தூக்குனா, ஒன்னப் புடிக்கலன்னு நெனைச்சிக்கிட்டியா?"

"ஆமா," என்றேன்.

"இல்ல. அவளுக்கு ஒன்னத்தான் ரொம்பப் புடிக்கும். குட்டி பிராண்டாது. அதான்."

முன்னால் இருந்த ஒரு பொடியன் கண்ணை அகல விரித்துக்கொண்டு, "பூன, நீ பிராண்டுவியா?" என்றான். நாற்காலியில் பொய் சொல்லக்கூடாது. பிராண்டுவேன் என்றேன். ஏன் என்று அவன் கேட்பதற்குள் பாடவேளை முடிந்துவிட்டது. நல்லவேளை. வெளியே போகும்போது சண்டைக்காரப் பையன், "டீச்சர், நீங்க செம பூன" என்று பாராட்டிவிட்டுப் போனான். இத்தனை வருடத்தில் பிள்ளைகள் என் பாடத்துக்குக் கொடுத்த முதல் பாராட்டு அதுதான்.

அன்றைக்குப் பயிற்சி வைக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய சாலைக்கு வந்தோம். சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்திலிருந்து சின்னக் குரல் வந்தது.

"பூன."

திரும்பிப் பார்த்தேன். அவள் நேராகக் காரின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்," என்றேன்.

"நான் போட்டிக்குப் போகல. வயிறு நோகுது."

ஏற்கெனவே தெரிந்த செய்திதான். அன்றைக்கு வேறொருத்தி வாயிலிருந்து வந்தபோது காதிலேயே ஏறாதது, இப்போது நெஞ்சில் போய் நின்றது. ஆனாலும் பாருங்கள், முதலில் நினைவுக்கு வந்தது கண்ணாடி அலமாரிதான். பேர் கொடுத்தாயிற்று. வேறு பிள்ளையைத் தயார் செய்ய நேரமில்லை. சமாளித்துவிடலாம் கண்ணு, மேடை ஏறினால் சரியாகிவிடும் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"கத சொல்ல ஒனக்குப் புடிக்காதா?"

"கத புடிக்கும். மேடைகூடப் பரவால்ல." வைப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ கீழ நின்னு பாப்பல்ல, அதான் பயம்."

பூனையிடம் பேசினாள் என்பதால் நீ. அம்மாவிடம் என்றால் நீங்கள் வந்திருக்கும், நீங்கள் வந்திருந்தால் உண்மை வந்திருக்காது. பச்சை விளக்கு விழுந்தும் நான் நகரவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"சரி, போக வேணாம்," என்றேன்.

அவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை. கியரின் மேல் இருந்த என் கையைப் பார்த்தாள், அது என்ன செய்யப்போகிறது என்று.

மறுநாள் காலை மண்டபத்திலிருந்து காற்றாடியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு நடந்தேன். வயர் தரையில் இழுபடாமல் நுனியை மகள் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். நல்ல மனம் வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். என் மணி திரும்ப வேண்டுமென்றால் காற்றாடியைக் கொடுத்துத்தானே கேட்கமுடியும். அப்போது அந்தப் பெண் வாசலில் வந்துகொண்டிருந்தாள். அவளைக் கண்டதுதான் தாமதம், மகள் வயரைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"டீச்சர், நேத்து எங்கம்மா பூனையா இருந்தாங்க."

பள்ளிக்கூடத்துக்குள் அவள் என்னை அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் போயும் போயும் அவளிடம் ஓடிப்போய்த்தான் சொன்னாள். எனக்குச் சந்தோஷமும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் எப்படிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன் என்று ஒரு அதட்டல் தொண்டையில் தயாராக நின்றது.

"மெய்யாவே அக்கா?" என்று அந்தப் பெண் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அவள் இடுப்பைப் பிடித்தபடியே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்றாடியை இறக்கி வைத்தேன். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "ஆமா, நான் அவ அம்மாதான். பூனையும் நான்தான்" என்றேன்.